நடுக்கம் நின்ற ஜீப்

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
ஓகஸ்ட் 10, ஞாயிறு

அன்பு மகன் றெஜிக்கு,

மாதாவின் தயவில் அப்பாவும் நானும் எழும்பி நடமாடுகிறோம், பூசையில் முழந்தாளிட்டால் மட்டும் என் கால் கணக்குக் கேட்கிறது, அங்கே குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் ஒரு மணியை உனக்கென்று நிறுத்திச் சொல்கிறேன். போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருப்பார், அவர் கேட்க இதைச் சொல்ல முடியாது. உன் தங்கச்சி டில்ஷானியோடு வேலை செய்த மிதுனா செவ்வாய்க்கிழமை மெல்பேர்ணுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஜீப்புக்கென்று நீ மே மாதம் அனுப்பிய ஸ்ரெபிலைசரைப் பற்றித்தான் எழுத வந்தேன். வத்தளை தாண்டி வேகம் எடுத்தால் ஸ்ரியரிங் எப்படி நடுங்கும், அப்பாவின் கை தோள்மூட்டு வரை எப்படி ஆடும் என்று வீடியோவில் பார்த்துத்தானே நீ அதை அனுப்பினாய். பெட்டியைத் திறந்தபோது எனக்கு அது ஷொக் அப்சோபரின் தம்பி மாதிரி இருந்தது. அப்பா அதை முதலில் கிருலப்பனையில் நபீஸ் தம்பியின் கராஜுக்குத்தான் கொண்டுபோனார். நபீஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாமான் நல்லது அங்கிள், ஆனா இது பனடோல் மாதிரி. காய்ச்சல எறக்கும், டெங்குவ சுகமாக்காது. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, கீழ என்ன லூசாயிருக்கின்னு பாப்போம்" என்றாராம். உன் அப்பாவுக்கு இரண்டு நாள் பொறுமை ஏது. ஜிந்துப்பிட்டியில் ஸ்ரான்லியின் கராஜுக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார், ஒரு நுனி அச்சில், மற்ற நுனி இரண்டு சில்லையும் இணைக்கிற குறுக்குத் தடியில். அன்று பின்னேரம் என்னையும் ஏற்றிக்கொண்டு நீர்கொழும்பு வீதியில் ஓடிக்காட்டினார். ஒரு சின்ன நடுக்கமும் இல்லை. டாஷ்போர்டில் நான் ஒட்டி வைத்த அந்தோனியார் எப்போதும் தலையாட்டிக்கொண்டே வருவார், அன்று அசையாமல் நின்றார். மடு மாதா திருவிழாவுக்கு ஜீப்பில் வெளிக்கிட முன் நடுக்கம் நின்றால் ஏழு மெழுகுதிரி என்று கொச்சிக்கடைக் கோவிலில் அவருக்கு நேர்ந்திருந்தேன், அடுத்த செவ்வாயே போய்க் கொளுத்திவிட்டு வந்தேன். நீ போன் எடுத்துக் கேட்டபோது அப்பா "சுப்பர் மகன்" என்றார், நினைவிருக்கும்.

போன மாதக் கடைசியில் மடுவுக்குக் கொண்டுபோகிற கூடாரம், சட்டி பானை எல்லாம் எழுதி வைக்கலாம் என்று கொப்பியையும் கோப்பையும் எடுத்தேன். கரண்ட் பில்லுக்கும் தண்ணீர் பில்லுக்கும் நடுவில் உன் பெட்டியோடு வந்த காகிதம் இருந்தது. எந்தத் துண்டையும் எறிய எனக்கு மனம் வராது என்று உனக்குத் தெரியும், ஆனால் அதை வாசிக்காமலே துளை போட்டுக் கோத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்கிறவள் என்ற பெருமை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. உன் பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்துப் படித்த இங்கிலீசுதானே என்னுடையது, அகராதியோடு ஒரு பகல் முழுக்க இருந்து வாசித்தேன். பூட்டுவதற்கு முன் மூட்டுகளிலும் பெயரிங்குகளிலும் தளர்ச்சி இருக்கிறதா பார், தளர்ந்ததை இது இறுக்காது, நடுக்கத்தை அடக்கி வைக்கும், அவ்வளவுதான் என்று போட்டிருந்தது. நபீஸ் சொன்ன அதே பனடோல். செலவு எழுதுகிற கொப்பியைப் புரட்டினேன், முன் டயர் இரண்டும் மாசியில்தான் புதிதாகப் போட்டது. கீழே இறங்கிப் போய்க் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், இடப்பக்க டயரின் உட்புறம் வழுக்கையாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவரும் இறங்கி வந்து டயரைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியும் கொன்ஸ்ரன்ஸ். வளைவில திருப்பேக்க டக் எண்டு கையில தட்டுது. பெடியன் அவ்வளவு தூரத்தில இருந்து அனுப்பினவன், சரிவரேல்லை எண்டு எப்பிடிச் சொல்றது?" என்றார். உன் மனம் நோகும் என்று அந்த டக்கோடு டில்ஷானியையும் மருமகனையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மடுவரை மெல்ல மெல்ல ஓடலாம் என்று இருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் விடிய நபீஸிடம் போனோம். நானும் காகிதத்தோடு போனேன். ஸ்ரெபிலைசரின் ஒரு நுனியைக் கழற்றிவிட்டு அப்பாவை ஸ்ரியரிங்கை அங்குமிங்கும் ஆட்டச் சொன்னார், நான் குனிந்து பார்த்தேன், குறுக்குத் தடியின் இடப்பக்க மூட்டு விழப்போகிற பல் மாதிரி ஆடியது. "இன்னும் ரெண்டு பெரிய குழி, அவ்வளவுதான் அங்கிள்" என்று மட்டும் சொன்னார், அதற்கு மேல் அப்பாவை ஒன்றும் குத்திக் கதைக்கவில்லை, நல்ல பிள்ளை. என் கையில் இருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அன்டி, எங்க கராஜுக்கு வேலைக்கி வாறீங்களா, இங்க ஒருத்தனும் இத வாசிக்கிறதில்ல" என்றார். பஞ்சிகாவத்தையில் புது மூட்டுகள் வாங்கிப் போட்டு, பெயரிங்கை இறுக்கி, வழுக்கை டயரை மாற்றி, சில்லுகளை நேர்படுத்தி, முதலில் உன் சாமான் இல்லாமலே ஓடச் சொன்னார். நடுக்கம் இல்லை. அதன் பிறகுதான் அதைப் பூட்டினார். சில்லை இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுதாகத் திருப்பி, அது கடைசிவரை இழுபடவில்லை, பிரேக் குழாயில் முட்டவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பூட்டினார். ஸ்ரான்லி அதையும் பார்க்கவில்லையாம். இப்போது குழியில் விழுந்தாலும் ஸ்ரியரிங் கையை உதறுவதில்லை, ஆகவே நீ அனுப்பியது வீண் என்று நினைத்துவிடாதே.

போன செவ்வாய் மறுபடி கொச்சிக்கடைக்குப் போனேன், ஒரே ஒரு மெழுகுதிரி. அந்த நடுக்கம்தான் அந்தோனியார் எங்களுக்குச் சொல்லி அனுப்பியது, அதை வாய் மூட வை என்று அவரிடமே நேர்ந்துகொண்டவள் நான். மன்னிப்புக் கேட்டேன்.

மகன், நீயும் அப்பாவின் பிள்ளைதான். எதைக் கேட்டாலும் சுப்பர் அம்மா என்கிறாய். அங்கே உனக்கு எது டக் என்று தட்டினாலும் எனக்குச் சொல், என்னால் ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் சொல். புதன் விடிய மடுவுக்கு வெளிக்கிடுகிறோம். அங்கிருந்து அப்பா போன் எடுத்து, எல்லாம் உன் சாமானால்தான் என்பார். ஓம் அப்பா என்று சொல். அதில் பாதி உண்மை, மற்றப் பாதி அவருக்குத் தேவை.

மடு மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக, உன் போக்கும் வரவும் அவளுடைய பொறுப்பு. இதோடு மிதுனாவிடம் கொடுத்துவிடுகிற சீனிச் சம்பல் போத்தலை நேராக நிமிர்த்தி வை, எண்ணெய் கசியும். இந்தக் கடிதத்தை எறியாதே, கோப்பில் போட்டு வை, ஆனால் வாசித்த பிறகு வை.

உன்னை நினைத்தபடியே,
அம்மா
கொன்ஸ்ரன்ஸ்