டானிக் அனுப்ப வேண்டாம்

சென்னீர்குப்பம்
12.8.1992

அன்புள்ள மாமாவுக்கு வடிவு வணங்கி எழுதுவது. மஸ்கட்டில் நீங்கள் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை.

உங்கள் ரூம்காரர் எத்திராஜ் அண்ணன் லீவில் வந்தபோது கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் கிடைத்தன. உங்கள் மேல் குற்றமில்லை. நம் குமுதா வெளுத்துப்போய்விட்டாள், அங்கே நல்ல டானிக் இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதியது நான்தானே. காட்டுப்பாக்கம் டாக்டரும் ரத்தசோகை என்றுதான் சொன்னார். முருங்கைக்கீரை, வெல்லம், டானிக் என்று ஒரு வருஷமாக அவள் வாயில் திணித்தோம். பிள்ளை இன்னும் வெளுத்தாள், வயிறு மட்டும் உப்பியது.

போன வாரம் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். தலசீமியாவாம். இரும்பு இல்லாமல் ரத்தம் ஊறாது என்பது நிஜம்தான், ஆனால் இவளுக்கு இரும்பு குறையவில்லை, ஊறுகிற ரத்தம்தான் நிற்காமல் உடைந்துபோகிறது என்றார் டாக்டரம்மா. கொடுத்த இரும்பெல்லாம் செலவாகாமல் ஈரலிலும் இதயத்திலும் படிகிறதாம். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும், அதிலும் இரும்பு சேரும், அதனால் டானிக் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றார். சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டார். ஆமாம், அத்தை மகன் என்றேன். உங்களிடமும் என்னிடமும் பாதிப் பாதியாக இருந்தது பிள்ளையிடம் முழுசாகச் சேர்ந்துவிட்டதாம்.

உங்கள் அக்கா இதை நம்பவில்லை. "இன்னாடி டாக்டரு அவ? ரத்தமே இல்லாத புள்ளைக்கு சத்து குடுக்காதேன்றா! எங்க வம்சத்துல எவனுக்கு கீது இந்த சீக்கு?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். நான் பாட்டில்களைச் சாக்கடையில் கொட்டினேன். நேற்றுப் பார்த்தால் குமுதாவின் பல் கறுத்திருக்கிறது, டானிக் கறை. ஒரு பாட்டிலை அரிசி டப்பாவில் ஒளித்து, நான் தண்ணீர் லாரிக்குப் போகிற நேரமாகப் பார்த்து அண்ணி ஊட்டியிருக்கிறார். அப்பா அனுப்பிய மருந்து என்றால் அதுவும் நாக்கை நீட்டுகிறது. அண்ணியை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன் மாமா. அவரும் அழுதார், நானும் அழுதேன். பிள்ளை இல்லாதவர், இவள் மேல்தான் உயிரை வைத்திருக்கிறார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் நான் எப்படிக் காவல் இருப்பது?

அண்ணி உங்களை வளர்த்த அக்கா. யார் பேச்சையும் கேட்கமாட்டார், உங்கள் பேச்சைக் கேட்பார். நீங்கள் பதில் கடிதம் போட்டால் வந்து சேர எத்தனை நாளாகுமோ. பக்கத்து வீட்டு ஜானகிராமன் சார் வீட்டுக்குப் புதிதாகப் போன் வந்திருக்கிறது, நம்பரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுங்கள், அண்ணியை அழைத்துப்போகிறேன். கோபப்படாமல், ஆனால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

படிந்த இரும்பை இறக்க ஒரு ஊசி மருந்து உண்டாம், வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டுமாம். பழமும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம், அதை விசாரியுங்கள். பெயரைத் தனிச்சீட்டில் டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். விலையை மட்டும் எனக்கு எழுதாதீர்கள், மயங்கி விழுந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை போனுக்குக் குமுதாவையும் தூக்கிக்கொண்டு வருவேன். வாசல்வரை நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. அவளோடும் பேசுங்கள் மாமா. அடுத்த முறை பேசிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
வடிவு