லைனிங் தூசி

நாமக்கல்
9.6.2024

அன்புத் தம்பி தங்கமுத்துவுக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சேலத்து டாக்டரம்மா வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டார். நுரையீரலைச் சுற்றி இருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோயாம். என்ன தொழில் என்று கேட்டார். சங்ககிரிப் பட்டறையில் லாரிகளுக்கு பிரேக் லைனிங் அடித்தோம் என்றேன். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருந்தது, அந்தத் தூசி உள்ளே போனால் முப்பது நாற்பது வருஷம் கழித்துக்கூட நோயாகும் என்றார். நாம் அதை கம்ப்ரசர் காற்றில் ஊதி விளையாடியிருக்கிறோம்.

மூன்றாம் நிலையாம். இலக்கியா என் எதிரில் சிரிக்கிறாள், அடுப்படிக்குப் போய் அழுகிறாள். மகளுக்கு அப்பன் பாரமாகிவிட்டேன்.

நீயும் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிடு. உன் வீட்டுக்காரி பாவாயியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மாரியப்பன்

சங்ககிரி
17.6.2024

மாரியண்ணனுக்கு வணக்கம்.

கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். அப்புறம் வேலை ஓடவில்லை.

எனக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனால் இந்த நிலைக் கணக்குதான் எனக்குப் புரியவில்லை. மொத்தம் எத்தனை நிலை? நெஞ்சோடு வயிற்றிலும் நீர் கோத்தால் அது எதில் சேரும்? இங்கே டாக்டர் வேகமாகப் பேசிவிட்டுப் போய்விடுகிறார். உங்கள் டாக்டரம்மா சொன்னதை விவரமாக எழுதுங்கள்.

தங்கமுத்து

நாமக்கல்
24.6.2024

தம்பிக்கு,

எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். முதல் நிலையில் ஒரு பக்கத்து உறையோடு நிற்கும். இரண்டாவதில் அதே பக்கத்து நெறிக்கட்டிகளைத் தொட்டுவிடும். உடம்பு தாங்குகிறவர்களுக்கு அதுவரை அறுவை செய்து பார்ப்பதுண்டாம். மூன்றாவதில் நெஞ்சுச் சுவருக்குள்ளும் ஆழமாக இறங்கிவிடும். நான் அங்கே இருக்கிறேன். எனக்கு ஏற்றும் மருந்து குணமாக்க அல்ல, கொஞ்ச காலம் தள்ளிப்போடத்தான். நாலாவதில் மறுபக்கத்துக்கோ வயிற்றுக்கோ தாண்டிவிடும். அதற்கு மேல் நிலை கிடையாது.

தம்பி, என் வயிற்றில் நீர் இல்லை. அப்படி நான் எழுதவும் இல்லை. நீ யாருக்காகக் கேட்கிறாய்?

மாரியப்பன்

சங்ககிரி
30.6.2024

அண்ணா,

பாவாயிக்கு.

மாசியிலிருந்தே விலாவில் வலி என்றாள். சுளுக்கு என்று நினைத்துவிட்டோம். பிறகு நெஞ்சில் நீர் எடுத்துச் சோதித்ததில் உங்களுக்கு வந்த அதே வியாதிதான் என்றார்கள். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் அவளைக் கேட்டார். "எங்கியும் போகலீங்க, ஊட்டோடதானுங்க இருந்தேன்" என்றாள். உடனே அவர் என் பக்கம் திரும்பி நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. தினமும் என் சட்டையை உதறித் துவைத்தவள் அவள்தானே. தூசியிலேயே நின்ற என் நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம்.

அவளிடம் வெறும் நீர்க்கோப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று தினமும் கேட்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

தங்கமுத்து

நாமக்கல்
8.7.2024

தங்கமுத்து சித்தப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல இலக்கியா எழுதுகிறேன்.

"தம்பி, சொல்லிவிடு. இங்கே என்னிடமும் முதலில் மறைத்தார்கள். எல்லோரும் என்னைச் சுற்றிப் பேசினார்கள், என்னோடு யாரும் பேசவில்லை. அந்த நாட்கள்தான் வியாதியைவிடக் கொடுமை. அவளுக்கு யாரையாவது பார்க்க வேண்டியிருக்கும். எத்தனையாவது நிலை என்று ஆரம்பிக்காதே. குணமாகாது என்பதைச் சொல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்."

அப்பாவுக்கு மறுபக்கமும் நீர் சேர்ந்துவிட்டது. இதைச் சொல்லி முடிக்கவே நெடுநேரம் ஆயிற்று.

இலக்கியா

சங்ககிரி
15.7.2024

அண்ணா,

நேற்று சொல்லிவிட்டேன். எதனால் வந்தது என்று கேட்டாள், அதையும் சொன்னேன். எனக்கும் சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்றேன்.

"அப்ப இனி உங்க துணிய ஆருங்க தொவைக்கறது?" என்றாள்.

இன்று காலையில், உங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கார் பேசியிருக்கிறேன். அதுவரை இருங்கள்.

தங்கமுத்து