மழைக்கு எழும்பிய முடி

இன்று மதியம் கொண்டை ஊசி தேடிப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஊசிகளுக்கு அடியில் நீளவாக்கில் மடித்த ஒரு காலண்டர் தாள் கிடந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ போன பிறகு மூன்று வீடு மாறிவிட்டேன். மூன்று வீட்டுக்கும் அந்தத் தாள் என்னோடு வந்தது, ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. இன்று பிரித்துவிட்டேன். உள்ளே உன் முடி, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு கொத்து. இத்தனை வருடம் தாளுக்குள் அழுந்திக் கிடந்ததில் இஸ்திரி போட்டதுபோல் நேராகப் படுத்திருக்கிறது. பறந்துவிடக் கூடாதே என்று காற்றாடியை நிறுத்திவிட்டு, மேசையில் அதைத் தாளோடு விரித்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "செத்தவளுக்கு என்னாடி லட்டரு, ஒனக்கு வேற வேல இல்லையா?" இன்று திங்கட்கிழமை, கடைக்கு லீவு. வேலை இல்லைதான்.

என் முடி அன்றும் சரி, இன்றும் சரி, கூரை ஓலை மாதிரி நேராகத் தொங்கும். வெயிலானாலும் மழையானாலும் ஒரே கோலம். உன்னுடையது நாளுக்கு ஒரு மாதிரி. காய்ந்த நாளில் அலை அலையாகப் படிந்திருக்கும். மழை வரப்போகிறதென்றால் விடிவதற்கு முன்பே காதோரத்தில் எழும்பத் தொடங்கி, நம் ரப்பர் தோட்டத்துக் காலைப் பெரட்டுக்கு நீ வந்து சேர்வதற்குள் பின்னலை மீறித் தலையைச் சுற்றி நிற்கும். காலையில் ஆள் எண்ணிக் காட்டுக்கு அனுப்பும் மண்டோர் அண்ணன், பெயர் கூப்பிட்டு முடித்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பார், அப்புறம் உன்னைப் பார்ப்பார்.

"என்னா புள்ள, எழும்பியிருக்கா?"

"எழும்பியிருக்கு அண்ணே. கொஞ்சம் பொறுத்துப் போலாம் லா."

பாதி விளையாட்டு, பாதி நம்பிக்கை. பால் எடுக்க மரப்பட்டையை வெட்டிய பிறகு மழை வந்தால் மங்குக் கிண்ணத்தில் இறங்கிய பால் முழுக்கத் தண்ணீரோடு வழிந்து வீணாகிவிடும். அதனால் உன் முடி எழும்பிய நாளில் எல்லோரும் ஒரு மணி நேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் நீ சொன்னதுதான் நடக்கும். உனக்கு அதில் பெருமை வேறு. வானிலை அறிக்கை வாசிக்கிறவள் மாதிரி நிமிர்ந்து நடப்பாய்.

பதினெட்டு வயதில் நான் ஈப்போவுக்குப் போய் ஒரு சீன அம்மாளின் சலூனில் தலை கழுவிவிடும் வேலையில் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அங்கே எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. எண்ணெய் தடவி, அழுத்தி வாரி, ஊசி மேல் ஊசியாகக் குத்தி நீ அடக்கிவைக்கப் பாடுபட்ட அந்தச் சுருளுக்காக, நேர்முடிப் பெண்கள் பெர்ம் மருந்தின் நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். உன்னிடம் சொன்னபோது நீ நம்பவில்லை. "வேணும்னா? இதயா?" என்று உன் பின்னலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாய்.

உன் முடி ஏன் இப்படி ஆடுகிறது என்று ஒருநாள் முதலாளியம்மாவிடம் கேட்டேன். அவர் மலாயில் ஒரே வரியில் முடித்துவிட்டார். "ரம்புட் கெரிதிங் சுக்கா ஆயேர்." சுருட்டை முடிக்குத் தண்ணீர் என்றால் ஆசை, அவ்வளவுதான். மீதியை வருடக்கணக்கில் என் விரல்கள் கற்றுக்கொண்டன. நேர்முடியில் தலையில் ஊறும் எண்ணெய் தடங்கலில்லாமல் நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது வளைவுக்கு வளைவு நின்றுவிடும். அதனால் சுருட்டை முடி எப்போதும் காய்ந்து, தாகமாகவே இருக்கும். வளைகிற இடங்களில் முடியின் மேல்தோல் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும், அந்த வழியாகக் காற்றில் இருக்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். முடியை அதன் உருவத்தில் பிடித்துவைத்திருக்கும் கட்டுகளில் சில, ஈரம் பட்டால் அவிழ்ந்து காய்ந்ததும் மறுபடி கட்டிக்கொள்ளும். எப்படி வைத்துக் காயவைக்கிறோமோ அப்படி நிற்கும், அடுத்த ஈரம் படும்வரை. மழை, வியர்வை, ஆற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், சவுக்காரம், தலையணை, எல்லாவற்றுக்கும் அது மாறும். உடம்புக்கும் மாறும். அந்தக் கடைசி விஷயமும் எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

படம் எடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தீபாவளிக்கு முந்திய வாரம் ஈப்போவுக்கு வந்தாய். நாம் இருவரும் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதில் உன் முடி என் முடிபோல் வழவழவென்று விழ வேண்டும் என்றாய்.

"ஒரே ஒரு நாளு லா. ஒரு நாளு நான் ஒன்ன மாதிரி இருக்கணும்."

மருந்து எதுவும் நான் போடவில்லை. தண்ணீர், பெரிய ரோலர்கள், தலைக்கு மேல் கவிழ்க்கும் டிரையர், வேறொன்றும் இல்லை. இரண்டு மணி நேரத்தில் உன் முடி முதுகில் பட்டுத் துணியாக விழுந்தது. நீ கண்ணாடி முன்னால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தாய், உன்னை எழுப்புவதே பெரும்பாடாகிவிட்டது. ஸ்டூடியோ ஏழெட்டுக் கடை தள்ளித்தான். கடைகளின் அஞ்சடியிலேயே, கூரைக்கடியில் நடந்தோம். நடுவில் ஒரே ஒரு சந்து, பத்து எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். அதற்குள் தூறல். நாற்காலியில் உட்கார்ந்தபோது உன் இடது பக்கம் நேர், வலது பக்கம் பழைய காடு. படம் எடுத்தவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "ரெண்டு பேரு படம்னு சொன்னீங்க, மூணு பேரு உக்காந்திருக்கீங்களே" என்றார். நாம் சிரித்த சிரிப்பில் முதல் இரண்டு படமும் ஆடிப்போய்விட்டன.

அது வெறும் தண்ணீரும் சூடும்தான் என்று தோட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை. நான் உனக்குச் சீனக்கடை மருந்து போட்டேன் என்றே பேச்சு. மறுநாள் தலை முழுகியதும் பழையபடி ஆகிவிட்டதைக் கண்ணால் பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

அதற்கு மூன்று வருடம் கழித்து, லீவில் வந்திருந்த ஒரு காலையில் உன்னோடு பெரட்டுக்கு வந்தேன். வானம் மூடிக் கிடந்தது. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். காதோரம், நெற்றியோரம், எங்கும் எழும்பவில்லை. முடி தலையோடு சப்பென்று படிந்திருந்தது. "அப்ப சரி, போலாம்" என்றார் மண்டோர் அண்ணன். எல்லோரும் அவரவர் மர நிரைக்குப் போனார்கள். நீ எனக்கு முன்னால் நடந்தாய். உன் பின்னலின் நுனி மட்டும் சிலிர்த்துப் பம்மென்று நின்றதைப் பார்த்தேன். இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. பார்த்துவிட்டு ஒன்றும் யோசிக்காமல் நடந்தேன்.

எட்டரை மணிக்கு ஊற்றியது. மரத்துக்கு மரம் மங்கு நிரம்பி, பால் வெள்ளைத் தண்ணீராக வழிந்து வேரோடு ஓடியது. ஒரு வாளிகூடப் பால் ஸ்டோருக்குப் போகவில்லை. நனைந்து திரும்பியவர்கள் முதலில் உன்னைத் திட்டினார்கள், பிறகு என்னை. "இவ சீனக்கடயில கொண்டுபோயி மருந்து போட்டா. அதுல செத்துப்போச்சு புள்ள முடி" என்றார் உன் அம்மா. பெரியம்மா என்று கூப்பிட்டு அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். எனக்காக நீ ஒரு வார்த்தை பேசுவாய் என்று உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, இவ கை பட்டதுலேருந்துதான்" என்றாய்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று உனக்குத் தெரியாதா? அத்தனை பேர் முன்னால் என் கையைச் சொல்லிவிட்டாயே. "மருந்தே போடாம எப்பிடிடி சாகும்? எண்ண வைக்காம சவுக்காரத்தப் போட்டுத் தேச்சுக் கெடுத்துட்டு எம்மேல பழி போடுறியா? ஒன் முடிய இனிமே நான் தொடவே மாட்டேன்" என்று கத்தினேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் ஏன் வாய் மூடி நிற்கிறாள் என்றாவது நான் யோசித்திருக்க வேண்டும். மத்தியான பஸ்ஸில் ஏறி ஈப்போ வந்துவிட்டேன்.

ஆறு மாதம் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பொங்கலுக்கும் போகவில்லை. நடுவில் நீ ஒரு கடிதம் போட்டாய். "வாடி, பேசணும்." அவ்வளவுதான் இருந்தது. பேச வேண்டியவள்தானே வர வேண்டும் என்று அதை மேசை டிராயரில் போட்டேன். வீம்பு. அந்த வயதில் எனக்கு அது சோறு தண்ணி மாதிரி.

பிறகு ஒருநாள் பெரியம்மா சலூன் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரத் தயங்கிக்கொண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எழுதிக் கொடுத்து உன்னை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம். "ஒரு வருசமாவே உள்ளுக்குள்ள இருந்திருக்குன்னு சொல்றாங்க. நம்ம யாருக்கும் தெரியலயே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். கைத் துண்டோடு அப்படியே அவரோடு கிளம்பிவிட்டேன்.

உன் முகம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் நீ சிரிக்க முயன்றாய்.

"தொடவே மாட்டேன்னியே. கொஞ்சம் வாரி விடுறியா? சிக்குப் புடிச்சுப்போச்சு."

கட்டிலின் தலைப்பக்கம் உட்கார்ந்து, நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வந்தேன். சுருட்டை முடிக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். நுனி பழைய நீதான், என் விரலில் தானாகச் சுற்றிக்கொண்டது. காதருகே வந்ததும் சீப்பு தடையே இல்லாமல் ஓடியது. அங்கிருந்து வகிடுவரை, முக்கால் சாண் நீளத்துக்கு, மெலிந்து, பலமில்லாமல், நேராக. என் கை நின்றுவிட்டது. முடி வளர்வது அடியிலிருந்து, மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம். என் கை எதையாவது கெடுத்திருந்தால் அது நுனிப்பக்கம் தெரிந்திருக்கும். அடியில் மாறினால் அது உடம்பின் வேலை. பிள்ளை பெற்று வந்தவர்களுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் சலூனில் நானே இதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அன்று காலை உன் பின்னலைப் பிடித்து ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் போதும். பழி என்மேல் இல்லை என்று நிரூபிக்கவாவது பார்த்திருக்கலாம். கத்துவதற்கு நேரமிருந்தது, பார்ப்பதற்கு இல்லாமல் போய்விட்டது.

நான் நிறுத்தியதும் உனக்குப் புரிந்துவிட்டது.

"ஒன் கை இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாய். "காலு வீங்குச்சு, சோறு எறங்கல. பயமா இருந்துச்சு. ஒன் மருந்துன்னு சொல்லிட்டா, அது வெறும் முடி சமாச்சாரமாப் போயிடும்ல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லத்தான் வரச் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு பின்னலாகப் பின்னி, மடித்துக் கட்டிவிட்டேன். மூன்று வாரம் தினமும் வேலை முடிந்து வந்து வாரிவிட்டேன். கடைசி நாள் சீப்போடு வந்த முடியைத்தான் சலூன் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து மடித்து வைத்தேன். ஆறு மாதம் முன்னால் உன்னைக் கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. நீ பயந்த மாதிரிதான் நானும் பயந்தேன். இன்றுவரை கேட்காமலேயே இருக்கிறேன்.

நம் தோட்டம் இப்போது வீடுகள் நிறைந்த தாமான் ஆகிவிட்டது. பெரட்டுக் களத்தில் வரிசையாகக் கார் நிற்கிறது. எனக்கு இங்கே ஈப்போவில் வீட்டு முன்பக்கம் சொந்தமாக ஒரு சின்னக் கடை. சுருட்டை முடிக்காரிகள் வருவார்கள். "அக்கா, முடி மாறிப்போச்சு, என்னா ஷாம்பு போடலாம்?" என்பார்கள். ஷாம்பு இருக்கட்டும் என்று வகிட்டைப் பிரித்து முதலில் அடி முடியைப் பார்ப்பேன். நுனி மாறியிருந்தால் பரவாயில்லை, அது வெயில், தண்ணீர், கடை மருந்து. அடி மாறியிருந்தால், சோறு இறங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று கேட்பேன். "என்னாக்கா, டாக்டர் வேலயும் பாக்குறீங்களா?" என்று சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே போய் டாக்டரைப் பார்த்த இரண்டு பேர், திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அவர்களிடம் உன்னைப் பற்றி நான் சொன்னதில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு இப்போதுதான் தாளைத் திரும்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வைத்தபடியே கிடக்கிறது. நுனிப்பக்கம் தாளைவிட்டு எழும்பியிருக்கிறது. ஒன்றிரண்டு முடி அல்ல, கொத்தின் நுனி முழுக்க மெல்லச் சுருண்டு நிற்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எழுந்து பின்கட்டுக்குப் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த கடைத் துண்டுகளை எல்லாம் எடுத்து உள்ளே போட்டேன். கடைசித் துண்டை மடிக்கும்போது கூரையில் மழை விழுந்தது.