இருபத்தொன்பதாம் நாள் பிறை

ரிச்சர்ட்சன், ரமலான் 20

ஜுஹைருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் மெயில். நாம் பிரிந்தபின் ஒரு பெருநாளைக்கும் மகள் இன்ஷா உங்களோடு இல்லை என்று குறைப்பட்டீர்கள். சரி, ஸ்பிரிங் பிரேக்குக்கு அனுப்புகிறேன். இருபத்தொன்பதாம் நாள் அங்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள் உங்களோடு. தெரியாவிட்டால் காலை ஃப்ளைட்டில் ஏற்றிவிடுங்கள், பெருநாள் என்னோடு. பள்ளிவாசலுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். நீங்களே கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள்.

வேலை போனதை ஏழு மாதம் மறைத்தவர் பேச்சை நம்புவதா என்கிறாள் என் தங்கை. பார்ப்போம்.

ஹபீஸா

பிளசன்டன், ரமலான் 26

அன்புள்ள ஹபீஸா, வ அலைக்கும் ஸலாம்.

உன் மகள் வந்ததும் வீட்டை இருட்டாக்கிவிட்டாள். ஸ்கூல் ப்ராஜெக்ட். ஆயிரம் வருஷத்துக்கு முன் பஸ்ராவில் பிறந்த இப்னு அல்ஹைதம் என்ற அறிஞரைப் பற்றி. ஜன்னல் முழுக்கக் கறுப்பு அட்டை, நடுவில் சின்னத் துளை. எதிர்ச்சுவரில் தெரு தலைகீழாக வந்து நிற்கிறது. மரங்கள் மேலிருந்து தொங்குகின்றன, தபால் வண்டி சத்தமில்லாமல் மிதந்து போகிறது. நோன்பு மயக்கத்தில் ரெண்டு பேரும் அதைப் பார்த்தபடியே கிடக்கிறோம்.

"கண்ணுலேருந்துதான் லைட் போகுதுன்னு முன்னாடி நினைச்சாங்களாம் வாப்பா. இல்ல, லைட்தான் கண்ணுக்கு வருதுன்னு இவர் ப்ரூவ் பண்ணார். ஆனா பார்த்தது என்னன்னு மைண்ட்தான் டிசைட் பண்ணும். அது மிஸ்டேக் பண்ணும்" என்கிறாள்.

இந்தப் பெருநாள் எனக்கு வேண்டும் ஹபீஸா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஜுஹைர்

பிளசன்டன், ரமலான் 29, மாலை

ஹபீஸா,

குன்றுமேல் ஏறிப் பார்த்தோம். சூரியன் இறங்கியதும் மேற்கே மெல்லிய கீற்று. நான் அல்லாஹு அக்பர் என்று தக்பீரே சொல்லிவிட்டேன். இன்ஷாவுக்கு மட்டும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். கீற்றைக் காணோம். ஆசை என் கண்ணில் பிறை காட்டியிருக்கிறது.

"தெரிஞ்சுதுன்னே சொல்லிடலாம் வாப்பா, உம்மாவுக்கு எப்படித் தெரியும்" என்றாள். பத்து வயதில் இதை யாரிடம் கற்றாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

பிறை தெரியவில்லை. காலை ஃப்ளைட்டில் அனுப்புகிறேன்.

ஜுஹைர்

ரிச்சர்ட்சன், ரமலான் 30

மச்சான்,

இன்ஷா வந்துவிட்டாள். குன்றில் நடந்ததை உங்களைவிட அதிகமாகவே சொன்னாள். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பிறை பார்த்ததாக அறிவித்து இன்றே பெருநாளாமே. அதைச் சொல்லி அவளை நிறுத்திக்கொண்டிருக்கலாம். நீங்கள் வாய் திறக்கவில்லை.

ஏழு மாதத்தை நான் மறக்கவில்லை. மறப்பேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு நாளைதான் பெருநாள். இன்று மாலை ஃப்ளைட்டில் இங்கே வர உங்கள் பெயருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.

ஹபீஸா