குதிக்காலில் இருந்த கறுப்பு

களுவாஞ்சிக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் விதுர்ஷாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மன் துணையால் அம்மா சுகம், கோழிகள் பதினொன்றும் சுகம். நானும் சுகம் என்று எழுதினால் நீ சிரிப்பாய், சுகமில்லை என்று எழுதினால் அழுவாய், அதனால் பசி நன்றாக எடுக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் மருமகனும் பேரன் நிதுர்ஷனும் அந்தக் கனடாக் குளிரில் நலமாக இருக்க வேண்டும். பேரனைத் தொப்பி போடாமல் வெளியே விடாதே, வீடியோவில் பார்த்தேன், காது இரண்டும் சிவந்து கிடந்தது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முந்தநாள் போனில், புற்றுநோய் தொடங்கின இடம் என் குதிக்காலில் பிடிபட்டது என்று அம்மா சொன்னதும், இவ்வளவு நாளும் அது எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை என்று நீ கேட்டாய். நான் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொல்லத் தொடங்கினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டு, நான் பாதி சொல்லுமுன் மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள். நல்லரத்தினத்தின் மகள் புதன்கிழமை கனடா திரும்புகிறாள், அவளிடம் நெத்தலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். கடிதம் மணத்தால் என்னை ஏசாதே.

தை மாதம் என் அரையில், தொடை இடுக்கில், கட்டி வந்ததும் அதில் துண்டு வெட்டிச் சோதித்ததும் உனக்குத் தெரியும். டொக்டர் சஹ்லா, காத்தான்குடிப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், ஐயா இது இஞ்ச பிறந்ததில்ல, வேற எங்கயோ தொடங்கி இஞ்ச வந்து குந்தியிருக்கு, தொடங்கின இடம் தெரிஞ்சாத்தான் எந்த மருந்து எண்டு முடிவெடுக்கலாம் என்றார். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கொண்டக்டராக நின்றவனுக்கு இது விளங்காதா. டிக்கட் எடுக்காமல் ஒருத்தன் நடுவில் நிற்கிறான், எங்கே ஏறினாய் என்று கேட்டால் வாய் திறக்கிறான் இல்லை. அவனைத் தேடி வாய்க்குள்ளால் கமரா விட்டார்கள், மற்றப் பக்கத்தாலும் விட்டார்கள், அதை மகளுக்கு எழுத முடியாது. ஸ்கான் எடுத்தார்கள். ஈரலில் இல்லை, நுரையீரலில் இல்லை, குடலிலும் இல்லை. உன் அம்மா நான் கடைகளில் குடித்த தேநீர் முழுவதையும் சந்தேகப்பட்டாள்.

உடம்பில் எங்கேயாவது கறுப்புப் புள்ளியோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று டொக்டர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன். முதுகு, நெஞ்சு, தலைமயிருக்குள் கூடப் பார்த்தார். காலடிக்கு வந்தபோது, டொக்டருக்கு உள்ளங்காலைக் காட்டுறது மரியாதையில்ல பிள்ளை என்று காலைச் சாரத்துக்குள் இழுத்துக்கொண்டேன். என் மரியாதையைப் பார்த்துத் தாதிமார் சிரித்தார்கள்.

உண்மை என்னவென்றால், நாலு வருடத்துக்கு முன் நம் அம்மன் கோயில் சடங்கில் நான் தீ மிதித்தேன் அல்லவா. உனக்கு இரண்டு பிள்ளை தங்காமல் போய், நிதுர்ஷன் வயிற்றில் ஏழு மாதம். அவன் முழுசாகப் பிறக்க வேண்டும் என்று நேர்ந்துதான் இறங்கினேன். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கால் மஞ்சளைக் கழுவினால் வலது குதியில் ஒரு கறுப்பு, புளியங்கொட்டை அளவு. எனக்கு உயிரே போய்விட்டது. தீ சுட்டால் நம் ஊரில் என்ன சொல்வார்கள், நேர்த்தியில் குறை, அம்மன் ஏற்கவில்லை என்பார்கள். ஊர் சொல்வதைக்கூடப் பொறுக்கலாம். குறை இருந்தது மகள், காப்புக் கட்டின பிறகு கோயில் கிணற்றுக்குப் பின்னால் நின்று களவாக ஒரு பீடி இழுத்திருந்தேன். என் பீடிக்கு உன் பிள்ளை தண்டனை வாங்கிவிடுமோ என்று பயந்தேன். வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் போல இருந்தது. அவன் நல்லபடி பிறந்த பிறகும், அவனுக்குக் காய்ச்சல் என்று நீ சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் என் குதியைத்தான் திருப்பிப் பார்த்தேன். அது பெருத்துக்கொண்டே வந்தது.

போன மாதம் நீ வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று அழுதாய். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த கிளினிக்கில் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, இது நாலு வருசத்துக்கு முதல் தீ மிதிச்சுச் சுட்டது பிள்ளை, மறுநாள் கால் கழுவக்குள்ள கண்டன், சாமிக் குறை, நோயில்ல, எண்டாலும் பாருங்க என்றேன். டொக்டர் பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தார். பிறகு, ஐயா, நெருப்புச் சுட்டா கொப்பளிச்சு ஆறிப்போகும், நாலு வருசமாப் பெருக்காது, இது அதுக்கு முன்னமே இருந்திருக்கும், நீங்க கால் கழுவக்குள்ளதான் கண்டிருக்கீங்க என்றார். வெட்டிச் சோதித்ததில் முடிவும் அப்படியே வந்தது. தோலில் தொடங்கும் புற்றுநோயாம். அரையில் இருந்தது அங்கிருந்து ஏறி வந்ததுதான். உன் அம்மா முதலில் அழுதாள், பிறகு பீடிக் கதையைக் கேட்டு, டொக்டர்மாரை இப்புடி அலைக்கழிச்ச மனுசன் இந்தப் பக்கத்திலயே இல்ல என்று ஏசினாள்.

அடுத்த கிழமை குதியில் அந்த இடத்தையும் அரைக் கட்டியையும் வெட்டி எடுக்கிறார்கள். மருந்து அதற்குப் பிறகு. நோய் முழுசாக மாறிச் சுகம் வருமா என்று கேட்டேன். மாறும் எண்டு சொல்லமாட்டன் ஐயா, ஆனா இனிக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடத் தேவையில்ல என்றார். நேரத்தோடு காட்டியிருந்தால் என்று நீ நினைப்பாய், நானும் நினைக்கிறேன், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று பஸ்ஸில் வீடு வரும்போது நான் தனியாகச் சிரித்தேன், அம்மா எனக்கு மூளையிலும் ஏறிவிட்டதோ என்று பயந்துபோனாள். தீ என்னைச் சுடவே இல்லை மகள். நேர்த்தி பீடியோடு சேர்த்து ஏற்கப்பட்டிருக்கிறது. நாலு வருடம் உன் பிள்ளைக்காகப் பயந்தேன், இனி எனக்காக மட்டும் பயந்தால் போதும்.

வேலையை விடாதே. வருவதானால் சடங்குக்கு வா. உங்கள் மூவரையும் அம்மன் கண் போலக் காக்க வேண்டும். மறக்காமல், இதைப் படித்ததும் நீயும் மருமகனும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். பேரனின் இரண்டு உள்ளங்காலையும் வீடியோவில் எனக்குக் காட்டச் சொல். அவன் காட்டினால் மரியாதைக் குறைவில்லை, நான் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
க. அழகரத்தினம்