அவரவர் பெட்டி, அவரவர் செடி

மாப்பிள்ளை,

காலையிலிருந்து நம் கொட்டச்சேடு ஊர் முழுக்கக் காப்பிச் செடி எரிகிற வாசனை. புழு விழுந்த செடிகளைப் பிடுங்கிக் கொளுத்துகிறார்கள். புகை சேர்வராயன் குகை வரை போய்ச் சாமிக்கே கண் எரிந்திருக்கும். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

என் கொட்டகையில் எட்டுப் பழைய கம்ப்யூட்டர்களை நீ வயரால் கோத்து வைத்தாய். நானும் மற்றக் காப்பித் தோட்டக்காரர்களும் ஆளுக்கொன்று கொடுத்தவை. எல்லார் செடிகளையும் போனில் படம் எடுத்து, எந்தத் தண்டின் பட்டை மேடு தட்டியிருக்கிறது, எதற்குள் புழு இருக்கிறது என்று, அது பூச்சியாகி அடுத்த செடிக்குப் பறக்கும் முன்னே கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பெட்டி பார்த்தால் அதற்குள் முடியாது.

"ஒரே ஆளு எஸ்டேட் பூரா பழம் பறிக்க முடியுமுங்களா மாமா? ஒரு பொட்டி மேஸ்திரியா நின்னு வேலையப் பிரிச்சுக் குடுக்கும். எது சும்மா இருக்குதோ அது அடுத்தத எடுத்துக்கும்" என்றாய்.

நான் எட்டாவதோடு நின்றவன். அதுவும் என் கேள்விகளுக்கு வாத்தியார்களால் பதில் சொல்ல முடியாமல் போனதால். நீ சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. மேஸ்திரிப் பெட்டியே என்னுடையதுதானே. சேலத்து இன்ஜினியர்கள் இந்த வித்தைக்கு என்னிடம்தான் வர வேண்டும்.

புரியாதது மற்றவர்களுக்குத்தான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியண்ணன் வந்து நின்றார். "ஏனுங்க, என்ற பொட்டி எதுக்குங்க அடுத்தவன் செடியப் பாக்கோணும்? என்ற பொட்டியில என்ற செடிதான் ஓடோணும்." எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "புழுவுக்கு எது யாரு தோட்டம்னு தெரியாதுங்களே" என்று நீ சொல்லிப் பார்த்தாய். கடைசியில் அவர்கள் கேட்டபடியே பிரித்துக் கொடுத்தாய். சின்னத் தோட்டத்துப் பெட்டிகள் சீக்கிரமே முடித்துவிட்டுச் சும்மா கிடந்தன. பெரியண்ணனுடையது மட்டும் வாரக்கணக்கில் திணறியது. நீதான் கெடுத்துவிட்டாய் என்று அவர் வயரைப் பிடுங்கிப் பெட்டியைத் தூக்கிப் போனார். ஒருவர் போனால் போதுமே நம் ஊருக்கு. என் பெட்டி மட்டும் மிஞ்சியது.

அந்த மழையிலேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. சாவுக்கு எல்லாரும் வந்தார்கள். "தங்கமான பையன்" என்று பெரியண்ணன் உங்கம்மா கையைப் பிடித்து அழுதார். அவரை அப்படியே அடிவாரத்துக்கு உருட்டிவிட்டிருப்பேன். என் அக்காவாயிற்றே, உங்கம்மா முகத்துக்காக விட்டேன்.

நீ எடுத்த படங்களை என் பெட்டி ஒற்றையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் பெரியண்ணன் தோட்டத்தில், ஓடைப் பக்கம் ஒரு வரிசையில் புழு இருப்பதைக் காட்டியது. வாய் சும்மா இருக்காமல் போய்ச் சொன்னேன்.

"என்ற தோட்டத்துப் படம் இன்னமும் உங்க ஊட்டுல எதுக்குங்க இருக்குது?" என்றார். செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீயாக இருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பாய். அந்தக் குணம் எனக்கு வரவில்லை. அடுத்தவன் செடிக்காக வயிறெரிகிற கெட்ட பழக்கம்தான் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பெட்டியை நிறுத்தவும் மனசு வரவில்லை. இனி யார் செடியைக் காட்டினாலும் போய்ச் சொல்வேன். திட்டிக்கொண்டே சொல்வேன்.