கொழுப்பு இன்னும் குறையவில்லை

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறாள், அதனால் எழுதுகிறேன். அப்பா குடியை விட்டு ஒரு வருஷம் ஆயிற்று, கல்லீரல்தான் தேறவில்லை. என்னுடையதில் ஒரு பகுதியை வெட்டி அவருக்கு வைக்கலாமாம். ஆனால் ஒரு சொட்டு தொடாத என் கல்லீரலிலும் கொழுப்பு! பிரசவத்துக்குப் பிறகு போட்ட சதை. அது சும்மா கிடப்பதில்லையாம். அதுவும் ஹார்மோன் சுரக்குமாம். சதை ஏற ஏற, கல்லீரலைக் காக்கிற ஹார்மோன் குறைந்துவிடுமாம். குடியும் சேர்ந்தால் அப்பா கதைதான் என்றார் டாக்டர்.

அம்மா என் தட்டிலிருந்தே சோற்றை அள்ளிவிடுகிறாள். "இன்னும் ரெண்டே கிலோடி, பல்லைக் கடிச்சுக்கோ." குழந்தை கடித்துப் போட்ட பிஸ்கட்டைக்கூட வாயில் போட முடியவில்லை. நாளை ஸ்கேன். பயமாக இருக்கிறது.

உன் தங்கை

மார்ச் 9

என் குட்டிக்கு,

கொழுப்பு இன்னும் குறையவில்லை என்று அம்மா அழுதாள். டாக்டர் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றாராமே, விடாதே. அப்பா உன்னைத்தான் மலைபோல நம்பியிருக்கிறார். என் தொப்பைக்கும் சனிக்கிழமைக் குடிக்கும் என்னைக் கிட்டவே சேர்க்க மாட்டார்கள். வாயைக் கட்டு, ராட்சசி!

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

கொழுப்பு குறைந்துவிட்டது. ஸ்கேன் எடுத்த அன்றைக்கே தெரிந்துவிட்டது.

டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து, "உங்களுக்கு மனசாரச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். மயக்கத்திலிருந்து நான் எழாவிட்டால் குழந்தை யாரைத் தேடும்? "வீட்ல பொருந்தலைன்னு சொல்லிடவா?" என்றார். நான்தான் புத்திகெட்டுப்போய், "கொழுப்புன்னே சொல்லுங்க, நம்புவாங்க" என்றேன். பொருந்தவில்லை என்றால் அதோடு விட்டிருப்பார்கள், கொழுப்பென்றால் குறைக்கச் சொல்வார்களே! அம்மா சோற்றைப் பாதியாக்கிவிட்டாள். மாடிப்படியில் ஏற்றி இறக்குகிறாள். நேற்று தலைசுற்றி, குழந்தையோடு விழப் பார்த்தேன்.

இன்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவில்லை. "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ போய்ச் சாப்பிடு" என்றார். உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

தொப்பை குறையும், குடியை விடலாம். அப்புறம் உன்னையும் சோதித்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். வா என்று சொல்ல எனக்கு வாயில்லை அண்ணா. வந்தால், உன்னையும் அந்த அறையில் தனியாகக் கேட்பார்கள். என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன்.

தங்கை